கண்மாய்க்கரையில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்

புது வருஷம் பிறந்த அன்று செம்மல் என் சைக்கிள் கடைக் காலண்டரில் இரண்டு வரி எழுதினான். ஏழு நிமிடத்துக்குள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். இந்த வருஷம் போலீஸ் வேலை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான், ஓட்டம்தான் பாக்கி. வயது வரம்புக்கு இதுதான் கடைசி வருஷம்.

தூரத்தை நான் அளந்து கொடுத்தேன். சைக்கிள் சக்கரம் ஒருமுறை சுற்றினால் இரண்டு மீட்டர் ஏழு சென்டிமீட்டர் நகரும். கம்பியில் ஒரு துணியைக் கட்டி, அது மேலே வரும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே தள்ளிப்போனால் போதும். கீரமங்கலத்துக்கு வெளியே, கண்மாய் மடையிலிருந்து எழுநூற்று இருபத்தைந்து சுற்று எண்ணி, முடிந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

தை முழுக்க, கோட்டிலிருந்து மடைக்கு ஓட அவனுக்கு ஏழு நிமிடம் நாற்பது நொடி ஆனது. மாசியில் ஒரே வாரத்தில் ஆறேகால் நிமிடத்துக்கு வந்துவிட்டான். மூச்சுகூட வாங்கவில்லை.

"தூரத்துல ஏதோ கோளாறுடா."

"நான் ஓடுனா ஒனக்குப் பொறுக்காதே, மாப்ளே."

இந்த முறை கோட்டிலிருந்து மடைக்கு அளந்தேன். அறுநூறு சுற்று. டயரில் காற்று குறைந்திருக்குமோ என்று பார்த்தேன். குறைந்தால் சக்கரம் சிறுத்து, எண்ணிக்கை கூடத்தான் வேண்டும். கோடு அதே இடத்தில் இருந்தது. மடை கான்கிரீட். திரும்பி வரும்போதும் எண்ணினேன். எண்ணூற்று ஐம்பது.

இரண்டையும் கூட்டினால் ஆயிரத்து நானூற்று ஐம்பது. முதல் நாள் அளந்த எழுநூற்று இருபத்தைந்தின் சரியாக இரு மடங்கு. எதுவும் காணாமல் போகவில்லை. போகும்போது குறைந்தது, வரும்போது சேர்ந்திருக்கிறது. விடை கிடைத்த சந்தோஷம் ஒரு நொடிதான். பிறகு சைக்கிளைக் கோட்டைவிட்டுத் தள்ளி நிறுத்தினேன்.

"வேற எடம் பாப்போம்டா."

"எதுக்கு? இங்கிட்டு வரும்போது தூரம் கூடுனா நல்லதுதான. இதுல பழகுனவனுக்குக் கிரவுண்டுல ஏழு நிமிசமெல்லாம் சும்மா."

அன்றிலிருந்து மடைக்கு நடந்து போய், அங்கிருந்து கோட்டுக்கு ஓடினான். நாளுக்கு நாள் போவது சுருங்கியது, வருவது நீண்டது.

நாளைக் காலை புதுக்கோட்டையில் தேர்வு. இன்று கடைசியாக ஒரு ஓட்டம் என்றான். நாற்பதே எட்டு வைத்து மடைக்குப் போய்விட்டான். ஆனால் என் கண்ணுக்கு மடை எப்போதும் போலத் தொலைவில்தான் இருந்தது; அவன் ஒரு புள்ளியாய்க் கை தூக்கினான். நான் வாட்சை அமுக்கினேன்.

நன்றாகத்தான் ஓடினான். காலடியில் புழுதி பறந்தது. பத்து நிமிடம் ஆயிற்று. இருபதும் ஆயிற்று. புள்ளி பெரிதாகவே இல்லை.

முப்பத்தொன்றாம் நிமிடத்தில், தோளருகே நின்று பேசுகிறவனைப் போல அவன் குரல் கேட்டது.

"மாப்ளே, டைம் என்ன?"

சைக்கிளில் போனால் பத்துச் சுற்றில் அவனைத் தொட்டுவிடலாம். இருவரும் திரும்பி வர எத்தனை சுற்று என்பதுதான் தெரியவில்லை. ஓடும்போதே கோடு இவ்வளவு விலகுகிறது. அவன் மனசு விட்டுப்போய் நின்றுவிட்டால்?

ஹேண்டில் பாரிலிருந்து கையை எடுத்தேன்.

"ஆறு நிமிசம்டா. விடாத, வா."

அவன் வேகத்தைக் கூட்டினான்.