பதினாறு நாள் அஞ்சலி

கேபிள் சிக்னல் மொத்தமும் ஒரே கம்பெனியின் கைக்குப் போன பிறகு, பெங்களூரு ஈஜிபுராவில் முந்நூற்றிருபது வீடுகளுக்கு லைன் கொடுத்துவந்த ஆதிகேசவனுக்கு ஒரு சலுகை கிடைத்தது. தன் மாடியறையிலிருந்து ஓட்டும் தெருச் சேனலை அவனே வைத்துக்கொள்ளலாம். பிறந்தநாள், கல்யாணம், கண்ணீர் அஞ்சலி போடலாம்; செய்தி கூடாது. அதில் ஏழு வருடம் மாலைச் செய்தி வாசித்த அவன் மனைவி வீணா, அன்றே மைக்கைத் துணி போட்டு மூடினாள்.

அந்தக் கம்பெனி முதலாளிக்குக் கன்னடத்தில் ஒரு பத்திரிகை, தமிழில் ஒன்று, ஒரு டிவி. அவர் கட்டிவந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் சுவர் சரிந்து கொத்தனார் இராஜமாணிக்கம் செத்தபோது மூன்றிலும் ஒரே சேதிதான்: கவனக்குறைவால் தொழிலாளி பலி.

கொத்தனாரின் மனைவி வள்ளியம்மா பேப்பரோடு மாடியேறி வந்தாள். "செவுரு சாயுதுன்னு ஞாயித்துக்கெழமையே மேஸ்திரிகிட்ட சொன்னாருக்கா. அவரு மேலயே பழியப் போட்டுட்டாங்க."

"நியூஸ் போட்டா லைனப் புடுங்கிடுவாம்மா" என்றான் ஆதிகேசவன்.

"நியூஸ் யாரு போடறது?" என்றாள் வீணா. "வள்ளி, போட்டோ வெச்சிருக்கியா?"

அன்று மாலை தெருச் சேனலில் படம் ஏறியது. 'கண்ணீர் அஞ்சலி. இராஜமாணிக்கம், வயது 34. பிறந்தது செங்கம். இறந்தது பன்னிரண்டாவது கிராஸ் தெரு, ஐந்து மாடிக் கட்டடச் சுவரின் கீழே. சுவர் சாய்கிறது என்று இரண்டு நாள் முன்பே சொன்னவர்.'

கம்பெனி மேனேஜர் ஹரிஷ்குமார் உடனே போன் செய்தான். "ஏனப்பா, நியூஸ் கூடாதுன்னு சொன்னேனில்ல?"

"அது அஞ்சலி சார்."

"அஞ்சலில செவுரு எதுக்கு?"

"செத்த எடம் போடணுமில்ல சார்."

"எடுத்துடு. இல்ல, நாளைக்கு சிக்னல் கட்."

லைன்தான் பிழைப்பு. ஆனாலும் ஆதிகேசவன் சொன்னான்: "பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஓடும் சார். எங்க வழக்கம்."

மறுநாள் ஏழரை மணிக்கு, எல்லாரும் சீரியல் பார்க்கும் நேரமாகப் பார்த்து, கம்பெனி சிக்னலை வெட்டியது. அறுபது சேனலிலும் வெறும் புள்ளிகள். கம்பெனி ஒன்றை மறந்துவிட்டது: தெருச் சேனலுக்கு அவர்களுடைய சிக்னல் வேண்டியதில்லை. முந்நூற்றிருபது வீட்டிலும் மிச்சமிருந்த ஒரே படம் இராஜமாணிக்கத்தின் முகம்.

வீணா மைக்கின் துணியை எடுத்து அஞ்சலியை வாசிக்கத் தொடங்கினாள். ஆதிகேசவன் வெளியே வந்து நின்றான். சன்னலுக்குச் சன்னல் அவள் குரல்.

எதிர்வீட்டிலிருந்து எல்லம்மா கத்தினாள்: "கேசவா, சவுண்டு பத்தல. ஏத்துப்பா!"

உள்ளே போய் ஏற்றினான்.