வெட்டி எடுத்த ஓரம்

ஏரியின் நீர்மட்டத்தைப் பதியும் கருவி மிக எளிமையானது. தண்ணீரில் ஒரு மிதவை, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு பேனா. தண்ணீர் ஏறினால் பேனாவும் ஏறும். பேனாவுக்கு எதிரே தாள் சுற்றிய உருளை. உள்ளே இருக்கும் கடிகாரம் அதை நாளுக்கு ஒரு சுற்று சுற்றும். எத்தனை மணிக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று தாளில் கோடு விழும். ஆனால் தாளுக்குத் தெரிந்தது அந்தக் கடிகாரத்தின் நேரம் மட்டும்தான்.

புதிதாகத் திறந்த வட்டார அருங்காட்சியகத்தில் இந்தக் கருவியை மறுபடி ஓடவைத்தவன் நான். கடிகார ரிப்பேர் என் தொழில். வெள்ளத்தன்று பதிந்த தாளுக்குச் சட்டம் போட்டதும் நானே. திறப்பு நாளன்று அக்காவை அழைத்துப் போனேன்.

"மெதுவா வாக்கா, மியூசியம் எங்கயும் ஓடிடாது."

"நீ சும்மா வாடா. ஆறு வருஷமா ஓடி ஒளிஞ்ச தாளு அது."

ஏரி மதகைத் திறந்து மூடுவது அக்கா புருஷனான மாமாவின் வேலை. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் திறக்க வேண்டும். அன்று ஐந்து மணிக்குத் திறந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. தாளின்படி தண்ணீர் கோட்டைத் தொட்டது நாலே இருபதுக்கு. கீழ்த்தெருவில் மூன்று பேர் இறந்தார்கள். அலுவலகம் இடம் மாறியபோது தாள் காணாமல் போனது. அதிலிருந்து குறித்து வைத்திருந்த எண்களை மட்டும் வைத்து விசாரணை நடந்தது. அருங்காட்சியகத்துக்காகப் பழைய கட்டுகளைக் கிளறியபோதுதான் தாள் மறுபடி கிடைத்தது. போன வருஷம் மாமா அந்தப் பழியோடே கண்ணை மூடினார். உள்ளுக்குள் நானும் அவர் தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டத்தின் அடிப்பக்கம் குனிந்தாள்.

"கீழ் ஓரம் எங்கடா?"

"எந்த ஓரம்?"

"தாளைக் கழட்டினதும் தன் கைக்கடிகாரத்தைப் பாத்து அவரு பென்சில்ல எழுதுவாரே, மெஷின் இத்தன நிமிஷம் லேட்டுன்னு. அன்னிக்கு நாப்பதுன்னு எழுதினாராம்."

நாலே இருபதோடு நாற்பதைக் கூட்டினேன். ஐந்து. தண்ணீர் கோட்டைத் தொட்ட அந்த நிமிடமே மாமா திறந்திருக்கிறார்.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"வெள்ளத்துக்கு முந்தின வாரம்தானே அந்த மெஷின் கடிகாரத்த நீ ரிப்பேர் பண்ணிக் குடுத்த? 'மச்சான் கைபட்டதும் கடிகாரம் நடை பழகுது'ன்னு சிரிச்சாரு. வெள்ளத்துக்கு அப்புறம் சிரிப்பு போயிடுச்சு. விசாரணைல சொன்னாரு, தாளைக் காட்டுன்னாங்க. 'அவன்கிட்ட மட்டும் வாயத் திறக்காத, நொறுங்கிப் போயிடுவான்'னாரு." அக்கா சட்டத்தின் கண்ணாடிமேல் விரல் வைத்தாள். "உள்ள மடிச்சு வச்சிருக்கியா?"

எதையும் விளக்கிச் சொல்ல எனக்குப் பிடிக்கும். இதையும் வரிசையாகச் சொன்னேன். தாளைவிடச் சட்டம் இரண்டு விரல் சின்னது. கோடு முழுதும் தெரிய வேண்டும் என்று கீழ் ஓரத்தை வெட்டினேன். கருவியின் பேனாவில் மை அடைத்திருந்தது. வெட்டிய துண்டில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், மை நன்றாக இறங்கும்வரை. துண்டு முழுக்க நீலமானது. குப்பைக்கூடையில் போட்டேன். அதில் ஏதோ பென்சில் கறை இருந்தது. அழுக்கு என்று நினைத்தேன்.

"நாப்பதுன்னு இருந்துச்சாடா?"

"படிக்கலக்கா."

அவள் என்னைத் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினாள். பிறகு இரண்டடி நகர்ந்து, சட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பலகைக்கு முதுகைக் காட்டி நின்றாள். 'மதகு நாற்பது நிமிடம் தாமதமாகத் திறக்கப்பட்டது' என்ற வரி அவள் தோளுக்குப் பின்னால் மறைந்தது.

குடும்பத்தோடு வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, போர்டைப் படிக்கணும்."

பக்கத்தில் கருவிக்குள் நான் ஓடவைத்த கடிகாரம் ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நகரவில்லை.