டிலானுக்குப் பிந்தி வந்த ஊர்வலம்

கொழும்புப் பொலிஸ் மொத்தத்தையும் நட்டநடு வீதியில் தொப்பி கழற்ற வைத்தவர் ஒஸ்வால்ட். அந்த நேரம் துறைமுகத்தில் நின்ற கப்பல்களெல்லாம் தாமாகவே ஊதின. கடல் அலையடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. நம்பாதவர்கள் அவரிடமே கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருமுறை முழுக் கப்பலையே தூக்கிக் கரையில் வைத்து, அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிவிட்டுத் திரும்பத் தண்ணீரில் இறக்கியதாகவும் ஒரு கதை வைத்திருந்தார். ஆகவே தொப்பிக் கதையையும் அவருடைய அக்கா மரியகொறற்றி அந்தச் சிப்பிகளோடு சேர்த்தே குப்பையில் போட்டிருந்தார்.

"பென்சன் வந்ததோட உன்ர வாய்க்கும் ஓய்வு குடுத்திருக்கலாம்" என்றார் அக்கா, சோற்றுச் சட்டியை மேசையில் வைத்தபடி.

அன்று அக்காவின் ஒரே மகன் டிலானின் நினைவுத் திருப்பலி. கொட்டாஞ்சேனை வீட்டில் மதியச் சாப்பாடு. பக்கத்து வீட்டு யூஜினா வந்திருந்தார். வராத ஓராள் ஒழுங்கை முனையில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றான். தயாபரன். ஒஸ்வால்ட் அடிக்கொருதரம் ஜன்னலால் அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, இந்த முறையும் ரோட்டில நிக்க வச்சா நான் இனி வரமாட்டன்" என்று தயாபரன் திருப்பலி முடிந்து கோயில் வாசலிலேயே சொல்லியிருந்தான். அவன் வராவிட்டால் டிலானைப் பற்றிக் கதைக்க அக்காவுக்கு இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. அது ஒஸ்வால்டுக்குத் தெரியும். அக்காவுக்குத்தான் விளங்கவில்லை.

டிலானும் தயாபரனும் வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் ஒன்றாக வாழ்ந்தவர்கள். "ரூம் மேட்" என்று அக்கா ஊருக்குச் சொல்லி வந்தார். அதே கட்டடத்தில் இருந்த ஒருவன், இவர்கள் வெறும் ரூம் மேட் இல்லை என்று தெரிந்துகொண்டு, டிலானைப் படிக்கட்டில் வைத்து அடித்தே கொன்றான். இந்த இடத்தை மட்டும் ஒஸ்வால்ட் ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை.

கொட்டாஞ்சேனையில் யார் செத்தாலும் ஒழுங்கைக்குக் குறுக்கே வெள்ளைக் கொடி ஏறும். மரண உதவிச் சங்கத்தின் பெரிய மரச்சிலுவை முன்னே போக, பெட்டி பின்னே வரும். பஸ் நிற்கும், முச்சக்கரவண்டி நிற்கும், தேத்தண்ணிக் கடையில் இருப்பவனும் கோப்பையை வைத்துவிட்டு எழும்புவான். செத்தவன் தமிழனா சிங்களவனா என்று எவரும் கேட்பதில்லை. டிலானுக்கு ஒரு கொடியும் ஏறவில்லை. சனம் கதைக்கும் என்று அக்கா பயந்தார். பிணம் வைத்திருந்த மலர்ச்சாலையிலிருந்து ஒரு வான் வண்டியில் ஏற்றி நேரே மயானம். சிலுவை வைத்திருந்த சங்கத்து அறைச் சாவி ஒஸ்வால்டின் சட்டைப்பையில்தான் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அதை வெளியில் எடுக்கவில்லை. தயாபரனை அக்கா மயான வாசலுக்குள்ளும் விடவில்லை.

பிறகு வழக்கு இழுத்து, தீர்ப்பு வந்தது. டிலான் தன் கையைப் பிடித்தான், ஆத்திரத்தில் அடித்துவிட்டேன் என்றான் கொன்றவன். நீதிமன்றம் நம்பியது. ஒத்திவைத்த சிறைத்தண்டனை. அவன் படியிறங்கி வந்து, ஒரு முச்சக்கரவண்டியை மறித்து, வீட்டுக்குப் போனான்.

நீதிமன்ற வாசலில் நின்ற பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். மட்டக்குளி, இரத்மலானை, வெள்ளவத்தை என்று பல பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். ஆணை நேசித்த ஆண்கள், பெண்ணை நேசித்த பெண்கள். அதுவரை ஒருவரையொருவர் தெருவில் கண்டாலும் தெரியாததுபோல நடந்தவர்கள். முதல் கல் யார் கையிலிருந்து போனதென்று இன்றைக்கும் தெரியாது. ஜீப் கண்ணாடி நொறுங்கியது. கண்ணீர்ப்புகை வந்தது. சிலரை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் இரண்டொருவரைப் பிணையெடுக்கத் தாய்தகப்பனே வரவில்லை.

"அப்பதான் நான் பறந்தனான்!" என்றார் ஒஸ்வால்ட், கோழிக்காலை ஆட்டியபடி. "ஒரு த்ரீவீலரைப் பிடிச்சு, சங்கத்து அறையைத் திறந்து, சிலுவையைத் தூக்கினன். சிலுவை ரெண்டு பக்கத்தாலயும் வெளிய நீட்டிக்கொண்டு வருது. வழியில ரெண்டு பஸ்ஸையும் ஒரு பாண் வண்டிலையும் கவிட்டுக்கொண்டுதான் வந்தனான்!"

"கொஞ்சம் குறை, ஒஸ்வால்ட்" என்று யூஜினா சிரித்தார்.

"சிலுவையைத் தயாபரன்ர கையில குடுத்தன். பெடியளுக்குக் கொடியைக் குடுத்தன். கல்லைக் கீழ போடுங்கோடா, டிலானுக்கு ஒரு ஊர்வலம் மிச்சமிருக்கு எண்டன். பத்தாயிரம் பேர் எனக்குப் பின்னால!"

"ரீவியில கல்லும் கண்ணாடியும்தான் காட்டினவங்கள். ஊர்வலத்தைக் காணேல்ல" என்றார் அக்கா.

அது மெய்தான். ஊர்வலம் எந்தச் செய்தியிலும் வரவில்லை. சட்டத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பிறகு கொழும்பு கொஞ்சம் அசைந்தது. ஒளித்துச் சந்தித்தவர்கள் பாமன்கடைப் பக்கம் ஒரு மண்டபத்தில் பட்டப்பகலில் கூடினார்கள். யாரையாவது பிடித்துக்கொண்டு போனால், ஒரு சட்டத்தரணியும் வெள்ளைக் கொடி பிடித்த கூட்டமும் பொலிஸ் வாசலில் போய் நின்றன. கதிரைகள் பறந்த ஒரு கூட்டத்தில் மரண உதவிச் சங்கமும் புது விதி போட்டது: செத்தவரோடு கூடி வாழ்ந்தவர், அவர் யாரானாலும், சிலுவைக்குப் பின்னால் முதல் ஆளாக நடக்கலாம். அக்கா அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை.

"பொலிஸ் மறிச்சு நிண்டவங்கள். பொல்லை ஓங்கிப்போட்டாங்கள்" என்று ஒஸ்வால்ட் தொடர்ந்தார். வழக்கமாகக் கதையின் இந்த இடத்தில் அவர் பொலிஸ் பெரியவனை முறைப்பார், பெரியவன் நடுங்கிப்போவான். ஜன்னலுக்கு வெளியே தயாபரன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. ஒஸ்வால்டின் குரல் இறங்கியது. "தயாபரனை அடிக்கப்போறாங்கள் எண்டு நினைச்சு நான் கண்ணை மூடிட்டன். திறக்கேக்க பெரியவன் தொப்பியைக் கழட்டிக் கக்கத்தில வச்சிருந்தான். பிறகு எல்லாரும். வழியும் விட்டவங்கள். ஏன் எண்டு எனக்கே தெரியாது, அக்கா."

"போடா! பொலிஸ் தொப்பி கழட்டினதாம்" என்று யூஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதுவும் உதுகளுக்கு!"

அக்காவின் கையிலிருந்த கரண்டி சட்டியின் விளிம்பில் நின்றது. பிறகு அதை வைத்துவிட்டு, செருப்பும் போடாமல் வாசலைக் கடந்து, சுட்ட தரையில் ஒழுங்கை முனைவரை நடந்து போனார். எல்லா வீட்டு ஜன்னலும் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது அவர் பிடியில் தயாபரனின் மணிக்கட்டு இருந்தது. அவனை மேசையில் டிலான் வழக்கமாக இருக்கும் கதிரையில் இருத்தி, சோறு போட்டார். அவன் தலை நிமிரவில்லை.

"அக்கா..." என்றார் ஒஸ்வால்ட். கோழிக்காலைக் கோப்பையில் வைத்துவிட்டு, தண்ணீர்க் குவளையைத் தயாபரன் பக்கம் தள்ளினார்.

அக்கா யூஜினாவைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"பத்தாயிரம் பேர் வரேல்ல. ரெண்டு பஸ் சனம்தான் வந்தது. தீர்ப்பண்டைக்கு நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குக் கிட்ட, பார்மசி வாசல்ல நிண்டனான். இந்தப் பிள்ளை சிலுவையோட வருது. பொல்லோட நிண்ட பெரியவன் எனக்குக் கிட்ட வந்து, செத்தது ஆர் அம்மா எண்டு சிங்களத்தில கேட்டான். 'மகே புத்தா' எண்டனான். என்ர மகன் எண்டு. டிலான் செத்த பிறகு அண்டைக்குத்தான் அதை வாய்விட்டுச் சொன்னனான், அதுவும் தெரியாத ஒருத்தனுக்கு. அவன் என்னை ஒருக்காப் பார்த்திட்டுப் போய்த் தொப்பியைக் கழட்டினான். ஓம், யூஜினா. நடந்ததுதான்."