தளர்த்தி வைத்த ஒயர்

விடிந்தும் விடியாத பனியில், ஜீப்காரன் தன் சொந்த ஜீப்பின் அருகே திருடனைப் போல வந்து நின்றான். பானெட்டைச் சத்தமில்லாமல் தூக்கினான். பேட்டரி ஒயரின் நட்டைத் தளர்த்தி, அதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்தான். பார்க்கிறவர்களுக்கு மாட்டியிருப்பது போலத்தான் தெரியும். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட வராது. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், அப்போதுதான் எழுந்தவன் போல ஒரு கொட்டாவி விட்டான். என்ன பெரிய நடிகன்!

வீடு நிறைய ஆள். வருடத்தின் கடைசி நாளை மலை உச்சியில் கொண்டாடியே தீருவது என்று, மனைவியின் அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு முந்தின நாள் பஸ் ஏறி வந்துவிட்டார். மடக்குகிற கூடாரம், தடித்த கயிறு, நெற்றியில் மாட்டும் விளக்கு, ஒரு பை நிறையப் பலூன் என்று அவர் கொண்டுவந்ததை வைத்து ஒரு படையே மலையேறலாம். அவர் மனைவி கேக் பெட்டியை வழி நெடுக மடியில் வைத்துச் சுமந்து வந்திருந்தாள். பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே ஷூவோடு தூங்கி எழுந்திருந்தார்கள்.

"வாடகை வண்டியெல்லாம் எதுக்கு மாப்ளே? வீட்டுல சிங்கம் மாதிரி ஜீப் நிக்குது" என்றார் மச்சான், தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

"கிளம்புமான்னு தெரியல மச்சான். கொஞ்ச நாளா அதுக்கு உடம்பு சரியில்ல."

உடம்பு சரியில்லையாம்! மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்த ஜீப்புக்கு அவன் சொல்லாத வியாதி இல்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது, பிரேக் ஆயில் கசிகிறது, ரேடியேட்டரில் ஓட்டை. சுற்றுலாக்காரர்களை உச்சிக்கு ஏற்றி இறக்கியே குடும்பம் நடத்தியவன், தினமும் நடந்து போய் நண்பனின் பட்டறையில் பஞ்சர் ஒட்டினான். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "சரியாகட்டும்" என்பாள், அவ்வளவுதான். விடுமுறைக் கூட்டம் ஓய்ந்ததும் ஜீப்பை விற்றுவிடலாம் என்று அவன் மனதுக்குள் முடிவு செய்திருந்தான். அதை மட்டும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

உடம்பு சரியில்லாமல் போனது ஜீப்புக்கு அல்ல, அவனுக்குத்தான். உச்சிக்குப் போகிற வழியில் பெரிய வளைவு ஒன்று உண்டு. மழை பெய்த ஒரு நாள், வண்டி நிறைய ஆட்களோடு அதில் இறங்கிக்கொண்டிருந்தபோது எதிரே பஸ் ஏறி வந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. அதனால் அவன் பின்னால் எடுத்தான். ஈர மண் சறுக்கியது. பின்சக்கரம் ஓரத்து வெள்ளைக் கல்லைப் பெயர்த்துத் தள்ளிவிட்டு, அந்தரத்தில் நின்றது. அவன் பிரேக்கை மிதித்தபடி எல்லோரையும் முன்பக்கமாக இறக்கிவிட்டான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பஸ்காரர்கள் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, "காலை எடுப்பா, நாங்க இழுக்கிறோம்" என்று கத்தினார்கள். கால் வரவில்லை. கடைசியில் பஸ் கண்டக்டர் குனிந்து, அவன் காலைக் கையால் தூக்கி எடுக்க வேண்டியிருந்தது. மற்றதையெல்லாம் ஊரே பேசியது. அந்தக் காலைப் பற்றி மட்டும் அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சாமான்கள் ஏறின. பிள்ளைகள் பலூன் ஊதிப் பின்னிருக்கையை நிரப்பினார்கள். சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மனைவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளத் தயாராகி, ஜீப்காரன் சாவியைத் திருப்பினான்.

ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"அட, சிங்கம் முழிச்சிருச்சு!" மச்சான் கை தட்டினார். ஜீப்காரன் மெதுவாக மனைவியைப் பார்த்தான். அவள் கைக்குட்டையால் விரல் இடுக்கில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லூசா இருந்துச்சு. முறுக்கி விட்டேன்" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவனுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்துவிட்டாளே என்ற வெட்கம் அதைவிட அதிகம். சொந்தக்காரர்களுக்கு முன்னால் இப்படி மாட்டிவிட்டாளே! அந்தக் கோபத்திலேயே கியரைப் போட்டான். கோபம் பாதி மலை வரைக்கும் வண்டியை ஓட்டியது. அதற்குப் பிறகு மூடுபனி வந்தது, பனியோடு அந்த வளைவும் வந்தது.

மலைப்பக்கம் மண் சரிந்து குவிந்து கிடந்தது. பள்ளத்தின் பக்கமாக ஒதுங்கித்தான் போயாக வேண்டும். ஓரத்தில் வரிசையாக வெள்ளைக் கற்கள், நடுவே விழுந்த பல் மாதிரி ஒரு காலியிடம். ஜீப் நின்றுவிட்டது. அவன் நிறுத்தவில்லை, கால் நிறுத்தியது.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க?" என்றது பெரிய பிள்ளை.

"இருப்பா... பனி விலகட்டும்." அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. தொடைக்குக் கீழே கால் மரத்துப்போயிருந்தது. வண்டியைத் திருப்பக்கூட இடமில்லை. இப்போது மச்சான் குனிந்து அந்தக் காலைத் தூக்கி எடுக்கப்போகிறார், பிள்ளைகள் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தான்.

"மாப்ளே, நான் வேணா எறங்கி..." என்று மச்சான் ஆரம்பித்தார்.

"நீ உக்காருண்ணே. கேக்கைப் பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு, மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். பனிக்குள் நடந்துபோய்க் கல் இல்லாத அந்த இடத்தில், பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஜீப்காரன் தலையை வெளியே நீட்டினான். "ஏய், என்ன பண்ற? அங்க நிக்காத! வந்து ஏறு!"

"கல்லு இருந்த எடத்துல ஒரு ஆளு வேணாமா? நீங்க வாங்க."

"மண்ணு சரியா இல்லடி..."

"நான் நிக்கிறேன்ல, தாங்குது. வாங்க."

அவன் அசையவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பலூன் பட்டென்று வெடிக்க, மச்சானின் மனைவி கேக் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அங்கே நிற்கிறவள் ஜீப்பைப் பார்க்கவில்லை, முன்சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டரின் கையைச் சுருட்டிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'வாங்க', 'போங்க' என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டறியாதவள், லாரி கிளீனர்கள் கத்துவது போல அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"வா... வா... வா... லெப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... வா, வா!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என்னடி இது, புருஷனைப் போய்..." என்று மச்சான் வாயைப் பிளந்தார். ஜீப்காரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் நீரும் கூடவே வந்தது. கீழே குனிந்து பார்த்தான். கால் பிரேக்கில்தான் இருந்தது, ஆனால் கட்டைவிரல் ஷூவுக்குள் அசைந்தது.

முதல் கியர் விழுந்தது. கண்ணாடிக்கு வெளியே பனியின் வெள்ளையைத் தவிர எதுவுமே தெரியவில்லை. நடுவில் ஒரு சிவப்பு ஸ்வெட்டரும், வா வா என்று காற்றை இழுத்துக்கொண்டிருக்கிற, கிரீஸ் போகாத ஒரு கையும் மட்டும் தெரிந்தன.