மாப்பிள்ளைக்கு ஜன்னல் ஓரம்

பூட்டுக் கடைக்காரருக்கு ஒரே மகள். கல்யாணமான பிறகு மாப்பிள்ளை முதல் தடவையாக வந்திருக்கிறார். அவரைச் சும்மா விட்டுவிட முடியுமா? மலை மேல் போகும் பழைய நீராவி ரயிலில் நால்வருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார் மாமனார். கொள்ளுத்தாத்தா காலத்து எஞ்சின். இரண்டு வளைவுக்கு ஒரு தடவை நின்று பெருமூச்சு விடும். அதைப் பார்க்கவே ஜனங்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள்.

பெட்டியில் ஏறியதும் பள்ளத்தாக்குப் பக்கத்து ஜன்னல் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தார் மாமனார்.

“மாப்பிள்ளை, இது உங்களுக்கு.”

மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சாது. அவருக்கு உயரம் மட்டும் ஆகாது. ஸ்டூல் மேல் நின்று பல்பு மாட்டினாலே முழங்கால் தந்தியடிக்கும். சம்பந்தம் பேச வந்தபோது அவருடைய அண்ணன், “என் தம்பி ஏறாத மலையா!” என்று அளந்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு அவர் பெரிய மலையேறி. உண்மை தெரிந்தால் மானம் போகும் என்று பாவம், பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிடவில்லை.

“வேணாம் மாமா. அத்தை உட்காரட்டும்.”

மாமனார் முகம் சுண்டிப்போனது. மாமியாரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“என்னடி பண்ணித் தொலைச்சே? மாப்பிள்ளை கோவமா இருக்காரு.”

“நான் என்ன பண்ணேன்? ஸ்டேஷன்ல அவர் கையில பெட்டியைக் குடுத்தது யாரு?”

திரும்பி வந்து இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை ஜன்னலோரம் அமுக்கினார்கள். ரயில் ஊளையிட்டுக் கிளம்பியது. முதல் வளைவில் தரை நழுவிக் கீழே போயிற்று. மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“பாருங்க,” என்று கிசுகிசுத்தாள் மாமியார், “நம்ம முகத்துல முழிக்கக்கூட அவருக்கு இஷ்டமில்லை.”

மாமனாருக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் வேண்டாம் என்றால் ஜன்னல் போதவில்லை என்று அர்த்தம். பெரிய பாலத்துக்கு முன்னால் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றது. குதித்து இறங்கி, கார்டின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டு, வெற்றியோடு திரும்பினார்.

“பாலம் தாண்டுற வரைக்கும் நீங்க எஞ்சின்லயே நின்னு வரலாம் மாப்பிள்ளை! கதவுகூடக் கிடையாது, காத்து பிச்சுக்கிட்டுப் போகும்!”

மாப்பிள்ளைக்கு உதடு வெளுத்தது. மானமா, உயிரா என்று பார்த்தார். உயிர்தான் ஜெயித்தது.

“மாமா, எனக்கு உயரம்னா பயம். சின்ன வயசுலேர்ந்தே பயம். அண்ணன் சொன்னதெல்லாம் புளுகு.”

மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எவ்வளவு பெரிய மனசு! நாங்க செஞ்ச குத்தத்தைச் சொல்லிக்காட்டாம, தனக்குப் பயம்னு சொல்லி மூடப் பார்க்கறீங்களே!”

மாமியார் கண்ணைத் துடைத்தாள். இப்படியும் ஒரு பிறவியா என்று உருகினாள். அசல் உண்மையை யாருமே வாங்கிக்கொள்ளவில்லை.

மகள் மட்டும் புருஷன் கையைப் பார்த்தாள். அது சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் நகமெல்லாம் வெளுத்திருந்தது.

“எஞ்சின் வேணாம்ப்பா. ஜன்னல்ல நான் உட்கார்றேன்.”

“மாப்பிள்ளை இருக்கறப்ப நீயா?”

“எனக்குக் குடுத்தா அவருக்குக் குடுத்த மாதிரிதானே?”

அந்த மரியாதைக் கணக்கில் மாமனாரால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. மகள் ஜன்னலோரம் நகர்ந்து, வெளியே எதுவும் தெரியாதபடி தன் தோளால் மறைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை அவள் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டார். ரயில் நகர்ந்தது. சக்கரச் சத்தம் திடீரென்று வெறுமையாக, ஆழமாக மாறியது.

“பாலமா?” என்றார் மெதுவாக.

“சேச்சே. இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு,” என்றாள் அவள், நடுப்பாலத்தில்.

எதிர் சீட்டிலிருந்து மாமனார் எக்கிப் பார்த்துக் கத்தினார். “மாப்பிள்ளை! கீழே பாருங்க, அதலபாதாளம்! ஆறு நூல் மாதிரி தெரியுது!”

“அப்பாவுக்குக் கண்ணு சரியில்லைங்க,” என்றாள் மகள் பதறாமல். “வெறும் வாய்க்கால் அது.”

முகத்தை எடுக்காமலே, அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார் மாப்பிள்ளை.

“ஊருக்குப் போனதும் மாமாவுக்கு நல்லதா ஒரு கண்ணாடி போட்டுடலாம்,” என்றார்.