மது இல்லாத கல்யாணம்

கார் கராகோல் ஊருக்குப் போய்ச் சேர இன்னும் பாதி வழி இருந்தது. அங்கே, காரை ஓட்டிக்கொண்டிருந்த கெங்கெஷின் இரண்டு மகள்களும் காலையிலிருந்தே ஆட்டுக்கறியை வேகவைத்துக் காத்திருந்தார்கள். சைரா வாசலில் இறங்கியதும் அவள் தலையில் வெள்ளை முக்காடு கட்டுவார்கள். கட்டிவிட்டால் அவள் கெங்கெஷின் மனைவி, அந்த வீட்டு மனுஷி; அப்புறம் யோசித்துச் சொல்கிறேன் என்பதெல்லாம் நடக்காது. ஐம்பத்தெட்டு வயதில், கணவன் இறந்த நாலாம் வருஷத்தில், அவள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இந்த ஊர்ல கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள். "நான் டீச்சரா இருந்த ஊரு. கல்யாணமும் இங்கதான்."

கெங்கெஷ் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவள் காட்டிய பழைய மன்றக் கட்டடத்தின் முன்னால் காரை ஓரங்கட்டினார். மன்றம் இப்போது ஊர் மியூசியமாகியிருந்தது. கதவில் பூட்டு, பூட்டுக்கு மேலே ஒரு போன் நம்பர். கூப்பிட்டதும் எதிர் மளிகைக் கடையிலிருந்து நூரிபா என்ற பெண் சாவியோடு ஓடிவந்தாள். இரண்டுக்கும் அவள்தான் பொறுப்பாம்.

"வாங்கக்கா. ஓநாயை மட்டும் தொட்டுடாதீங்க, முடி கொட்டுது."

பாடம் செய்த ஓநாயைத் தாண்டி, கலப்பைகளையும் சேணங்களையும் தாண்டி உள்கூடத்துக்குப் போன சைரா அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் அவளுடைய கல்யாணப் போட்டோ. அதில் அவள் பக்கத்தில் குனிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, கட்சிச் செயலாளரின் கிண்ணத்தில் கெட்டிலிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தான் அவள் கணவன் முர்சாலி. கீழே அட்டையில் எழுதியிருந்தது: மாவட்டத்தின் முதல் மது இல்லாத திருமணம், 1986. மணமக்கள் பெயர் தெரியவில்லை. கல்யாணங்களில் குடி கூடாது என்று அரசாங்கம் கெடுபிடி செய்த காலம் அது.

"அந்தக் கெட்டில்ல என்ன இருந்துதுன்னு நினைக்கிறே?" என்று நூரிபாவிடம் கேட்டாள்.

"டீதானேக்கா?"

"வோட்கா. எல்லாக் கெட்டில்லயும். செயலாளர் நாலு கிண்ணம் குடிச்சிட்டு, 'டீ பிரமாதம், இன்னும் கொஞ்சம் ஊத்து மாப்ள'ன்னார். அப்புறம் மேஜையைப் பிடிச்சுக்கிட்டே மதுவிலக்கு பத்திப் பேசினார்."

கெங்கெஷ் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க பக்கம் டீக்கு வெந்நீர் போடற சமோவார்லயே ஊத்திட்டாங்க."

"அப்ப பொண்ணு நீங்களா?" நூரிபா பேனாவைத் தேடி எடுத்தாள். "ரொம்ப நாளா பேர் கேட்டு அலையறேன். உங்க பேர், மாப்பிள்ளை பேர்?"

"நான் சைரா. அவர் முர்சாலி." அவர் இருந்தவரை அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை.

"இப்ப எங்க இருக்கார்?"

"போயிட்டார்."

நூரிபாவின் குரல் இறங்கியது. "நீங்க? எந்த ஊர்னு எழுதட்டும்?"

சைரா கெங்கெஷைத் திரும்பிப் பார்த்தாள். "டயரைப் பாத்துட்டு வரேன்," என்று கெங்கெஷ் வெளியே போனார்.

பந்திப் பலகை போட்டிருந்த இடத்தில் இப்போது ஒரு கலப்பை நின்றது. அவள் அதனருகே போய், அன்று உட்கார்ந்திருந்த இடம் எது என்று காலால் தேடினாள். முர்சாலியின் தோள் இடித்துக்கொண்டிருந்த பக்கம் இடது. அங்கே குளிர்ந்த காற்றுதான் இருந்தது. ஒருதடவை, ஒரே ஒருதடவை அந்தத் தோள் வந்து இடிக்காதா என்றிருந்தது.

கெங்கெஷ் தொப்பியைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தார். "சைரா, மனசில்லேன்னா சொல்லிடுங்க. உங்க ஊர் நாரினுக்கே வண்டியைத் திருப்பிடறேன். பொண்ணுங்ககிட்ட வண்டி ரிப்பேர்னு சொல்லிக்கிறேன்."

"அங்க போய் என்ன பண்றது? அவர் அங்கயும் இல்லையே."

கெங்கெஷ் போட்டோவைப் பார்த்தார். "நல்ல மனுஷனாத் தெரியறார்."

"பொய் சொல்றதுல கெட்டிக்காரர்."

"நமக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது."

"அதான் தெரியுதே. டயர் பாக்கப் போனீங்களே."

அவர் காதுவரை சிவந்துபோனார். சைராவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

"கராகோல்னு எழுதிக்கோ," என்றாள் நூரிபாவிடம்.

எழுதி முடிக்கும்வரை போட்டோவின் பக்கம் அவள் திரும்பவில்லை. கெங்கெஷ் போய் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் பார்த்தாள். முர்சாலி இன்னும் குனிந்து கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தான். ஊற்றி முடித்து நிமிர்ந்து தன்னைப் பார்ப்பான் என்பதுபோல, அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.