மேகத்துக்கு ஒரு சத்தம்

இசை மென்பொருளின் இடப்பக்கம் வாத்தியங்கள் வரிசையாக நிற்கும். கீழ்நோக்கிய அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் எழுதிவைத்த மெட்டின்மேல் ஒரு வாத்தியம் வந்து உட்காரும். இன்னொரு முறை தட்டினால் அது எழுந்துகொள்ள, அடுத்தது வரும். வயலின், மணி, ஹார்ப். அதற்கும் கீழே போனால் ‘வெள்ளி நரியின் கனவு’, ‘கடைசி ரயிலுக்குப் பிறகு’ என்றெல்லாம் பெயர்கள். படித்ததுமே பனி மூடிய ரயில் நிலையமும், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு நிற்கும் ஒருவரும் எனக்குத் தெரிந்துவிடுவார்கள். அப்புறம் சத்தம் எங்கே காதில் விழும்?

தேடியது ஒரு மேகத்துக்கான சத்தம். குழந்தைகளுக்கான கார்ட்டூன் குறும்படம் அது. உயரத்துக்குப் பயப்படும் ஒரு மேகம் வானத்தில் அடிமேல் அடி வைத்து நடக்கும். ஒவ்வொரு அடிக்கும் பயத்தில் அதிலிருந்து சில துளிகள் உதிரும். இசையமைக்க எனக்குக் கிடைத்த முதல் படம். ஒரு வாரமாக மேகத்தின் மெட்டுக்கு வாத்தியம் மாற்றிக்கொண்டே இருந்தேன். பிடித்தவற்றுக்கெல்லாம் நட்சத்திரக் குறி போட்டுவைத்தேன்.

கீழே சித்தியின் பியூட்டி பார்லர். நான் ஒலிக்கவிடுவதெல்லாம் தரை வழியாக அங்கே இறங்கும். அன்று காலை சித்தி டீயோடு மேலே வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, வானத்துலகூட இவ்வளவு நட்சத்திரம் இல்ல. நான் உங்க சித்தப்பாவையே ரெண்டே நாள்ல முடிவு பண்ணிட்டேன்."

"அதான் இன்னிக்கு வரைக்கும் திட்டிக்கிட்டே இருக்கீங்க."

"வாயி மட்டும் நல்லா வேலை செய்யுது," என்று சித்தி டீயை வைத்துவிட்டுப் போனாள்.

மதியம் இயக்குநர் மேடம் வந்தார். அறையில் ஒரே நாற்காலி, அதில் நான் இருந்ததால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"படத்தை நாளைக்குக் குடுத்தாகணும்மா. இன்னிக்கு மேகம் சரியா வரலைன்னா இன்னொருத்தர் ரெடியா இருக்கார். தப்பா நினைச்சுக்காதீங்க."

‘வெள்ளி நரியின் கனவை’ ஏற்றி, குகைக்குள் கேட்பதுபோல நிறைய எதிரொலி சேர்த்துப் போட்டேன்.

"அழகா இருக்கு. ஆனா இது எங்க பயப்படுது? ஊஞ்சல்ல உட்கார்ந்து காத்து வாங்குது."

ஹார்ப்புக்கு மாற்றினேன். தலையை ஆட்டினார். கூட்டாகப் பலர் பாடும் குரல்களுக்கு மாற்றினேன்.

"இப்ப மேகம் செத்து சொர்க்கத்துக்கே போயிடுச்சு," என்றார்.

சிரிக்கத்தான் தோன்றியது, முடியவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, அந்த மழைத்துளியை மட்டும் தனியா போடுங்க."

திரையில் மேகத்தின் மெட்டுக்கு ஒரு வரிசை, மழைத்துளிக்கு ஒரு வரிசை. மழையின் வரிசைக்குப் போய் அதை மட்டும் ஒலிக்கவிட்டேன். மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோனில் உச்ச சுரங்களாக எழுதியிருந்தேன். டிக், டிக், ஒரு தயக்கம், டிக்.

"துளி சரியா இருக்கு. மேகத்துக்கு வாங்க."

அவசரத்தில் அம்புக்குறியைத் தட்டினேன். மேகத்தின் வரிசைக்குத் திரும்பவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. மழையின் தலையில் ஒரு டியூபா வந்து உட்கார்ந்தது.

அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டிய தடித்த ஊதுகுழல் அது. மழைக்கு நான் எழுதியிருந்ததோ உச்ச சுரங்கள். மென்பொருள் அந்தக் குரலைப் பிடித்து மேலே இழுத்தது. இழுக்க இழுக்க அது மெலிந்தது, அதன் நடுக்கம் வேகமானது. ஏணியின் கடைசிப் படியில் நிற்கும் ஒரு குண்டு மாமா கீழே பார்த்துவிட்டதுபோல அது முனகியது. ம்ப்பீ. ம்ப்பீ. ஒரு தயக்கம். ம்ப்பீ. திரையில் மேகம் ஒரு காலை எடுத்து வைத்தது.

கீழே பார்லரில் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஐயோ சாரி மேடம், தப்பான இடத்துல ஏத்திட்டேன், ஒரு செகண்ட்..."

"கையை எடுங்க."

"மேடம்?"

"எதையும் தொடாதீங்க. திரும்பப் போடுங்க."

போட்டேன். அவர் கட்டிலிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து, திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டார். மூன்றாம் முறை ஓடியபோது மேகத்தோடு சேர்ந்து அவரும் மூச்சைப் பிடித்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேகத்துக்கு நான் எழுதிய மெட்டு வழுக்கிக்கொண்டு போகிற மெட்டு. அதற்கு எந்த வாத்தியத்தைச் சட்டையாக மாட்டினாலும் அது பயப்படாது. வாரம் முழுக்க நான் சட்டையைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். முதல் வேலையாக டியூபாவைச் சேமித்தேன்.

சீப்பும் கையுமாகச் சித்தி மேலே வந்தாள்.

"யாருடி அது, மேல ஏறிட்டு இறங்கத் தெரியாம அழுறது? கீழ ஒருத்தங்க சிரிச்ச சிரிப்புல முடியைக் கோணலா வெட்டியிருப்பேன்."

"அதுதாங்க எங்க மேகம்," என்றார் இயக்குநர். பிறகு கைப்பேசியை எடுத்தார். "சார், உங்களுக்குச் சிரமம் வேண்டாம். மேகம் கிடைச்சிடுச்சு. ஆமா, நம்ம பொண்ணுதான் பண்ணியிருக்கு."

எனக்குக் காது சுட்டது.

"ஆனா இப்ப மழைக்குச் சத்தம் இல்லையே?" என்றார் என்னைப் பார்த்து.

"தேடிடலாம் மேடம்," என்று அம்புக்குறிப் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"வேண்டாம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"பழைய சைலஃபோனே போதும்மா," என்றார் இயக்குநர்.

புதிதாக ஒரு வரிசை திறந்து துளிகளை அதில் வைத்தேன். என் வழுக்கு மெட்டை அழித்தேன். வலிக்கும் என்று நினைத்தேன், வலிக்கவில்லை. முதலிலிருந்து ஓட்டினேன். டியூபா முனக, துளிகள் உதிர்ந்தன. சித்தி கட்டிலில் உட்கார்ந்தேவிட்டாள்.

"அக்கா, என் தலை பாதியில நிக்குதே!" என்று கீழிருந்து ஒரு குரல்.

"இரும்மா," என்றாள் சித்தி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அது பத்திரமா இறங்கட்டும், வந்துடுறேன்."